ஞாயிறு காலை நேர்காணல்

அமெரிக்காவின் கென்டக்கியில் ஒரு மலையூர் வானொலியில் ஒன்பதாவது வாரமாக அதே பேட்டி. ஊரே சர்ச்சில் இருக்கும் நேரம்.

"நேயர்களே, மாபெரும் பாடலாசிரியர் டெல்மர்! உங்க பாட்டுக்கு வேர் எதுங்க?" கட்டைக்குரல் முழங்கியது.

"சுரங்கத்துலேர்ந்து வந்து அப்பா முணுமுணுத்தது."

"இருபது வருஷமா ஏன் எழுதல?"

"கேக்க ஆளில்ல."

"இப்ப மட்டும்?"

"ஆளில்லாதது பழகிடுச்சு."

டெல்மர் கிதாரை எடுத்துப் புதுப் பாட்டைப் பாடினார். பிறகு வழக்கம்போல் தொலைபேசியையே பார்த்தார். முதன்முறையாக அது அடித்தது.

"கால் சுளுக்கு, சர்ச்சுக்குப் போகல. உங்க பாட்டு அழவச்சிடுச்சுய்யா. அந்தப் பேட்டி எடுக்கிறவனை மட்டும் மாத்துங்க, ஒரே அலட்டல்!" என்றாள் ஒருத்தி.

"பாவம்மா, அவனை விட்டா எனக்குப் பேச ஆளில்ல" என்ற டெல்மர், எழுந்து காலியாக இருந்த எதிர் நாற்காலிக்கு மாறி, அதே கட்டைக்குரலில் நிகழ்ச்சியை முடித்துவைத்தார்.