பார்க்காத பாதி

"ஏம்மா, பாதிப் படத்துக்கு விமர்சனம் எழுதி அனுப்பியிருக்கியே, உன்னை என்ன பண்ணலாம், நீயே சொல்லு?"

பத்திரிகை ஆசிரியர் காகிதத்தை மேஜையில் விசிறிப் போட்டார். உட்காரலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், அது வந்து..."

"கடைசி வரியைப் படி. சத்தமாப் படி."

படித்தாள். "இடைவேளை வரைதான் பார்த்தேன். பார்த்தவரை எழுதியிருக்கிறேன்."

"இதை எழுத உனக்கு வெட்கமா இல்லை?"

இல்லை என்றால் திமிர் என்பார். இருக்கிறது என்றால் பொய். காகிதத்தைத் திரும்ப மேஜையில் வைத்தாள்.

வீட்டில் அவளுக்கு சினிமாப் பைத்தியம் என்று பெயர். பள்ளிக்கூட நாளிலேயே பிடித்த பைத்தியம் அது. தையல் கம்பெனியில் லீவே கிடைக்காத அம்மாவுக்கு, பார்த்த படத்தையெல்லாம் அடுக்களையில் நின்றபடி எழுத்துப் போடுவதிலிருந்து ஒன்று விடாமல் சொல்வாள். ஒரே ஒரு தடவை, சண்டைக் காட்சியில் தூங்கிப்போய், அதை மட்டும் சொந்தமாக இட்டுக்கட்டிச் சொல்லிவிட்டாள். ஆறு மாதம் கழித்து அதே படம் டிவியில் வந்தது. அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"தூங்கிட்டேன்னு சொல்லியிருந்தா உன்னைக் கடிச்சா தின்னிருப்பேன்?" என்றாள் மூன்றாம் நாள்.

அப்புறம் நோட்டு நோட்டாக எழுதினாள். ஃபோனில் ஒரு பக்கம் தொடங்கினாள். வாசகர்கள் நாற்பத்து மூன்று பேர். அதில் பாதி சித்தி, பெரியம்மா வகையறா. ஒருநாள் துணிந்து இந்த ஆசிரியருக்கே கடிதம் போட்டாள். 'உங்கள் விமர்சனத்தில் அண்ணன் சாகிறான் என்று இருக்கிறது. படத்தில் சாவது தம்பி.'

ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார். "வாய் கொஞ்சம் நீளம்தான். பரவாயில்லை, மூணு படத்துக்கு எழுதிக் கொடு. மூணும் தேறினா வேலை உனக்கு" என்றார்.

இரண்டு தேறிவிட்டன. மருந்துக் கடை வேலையை விடப்போவதாகக் கடைக்காரரிடம் சொல்லியும் வைத்துவிட்டாள். மூன்றாவதுதான் போன வாரம் பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் போட்ட காலைக் காட்சி. ஆசிரியரும் வந்திருந்தார், முன் வரிசையில்.

"அன்னிக்கு எத்தனை பேர் வந்திருந்தோம்?"

"இருபது பேர் இருக்கும் சார்."

"அத்தனை பேரும் எழுதியாச்சு. பாரு!" பத்திரிகைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். "இதுல, 'இரண்டாம் பாதி ஜெட் வேகம்.' இதுல, 'கிளைமாக்ஸில் கல்லும் கரையும்.' யாராவது ஒருத்தர், நான் பாதிதான் பார்த்தேன்னு எழுதியிருக்காங்களா?"

"இல்லை சார். ஆனா..."

"ஆனாவும் கிடையாது, ஆவன்னாவும் கிடையாது. சரி, என்னமோ அவசரம், எழுந்து போயிட்டே. வாசல்ல முழுக் கதையையும் அச்சடிச்சுக் கொடுத்தாங்களே, அதை வெச்சாவது நாலு வரி ஒப்பேத்தத் தெரியலையா?"

"பார்க்காததை எப்படி சார் எழுதறது?"

"ஓகோ, நீ ஒருத்திதான் யோக்கியம்!"

தன் விமர்சனம் வந்த பக்கத்தை அவள் பக்கம் தள்ளினார். மேலே அவர் படம், கன்னத்தில் கை வைத்தபடி.

"படி. விமர்சனம்னா இப்படி இருக்கணும்."

'கடைசி இருபது நிமிடம் என் கைக்குட்டை நனைந்துவிட்டது' என்றிருந்தது.

"அழகுக்கு எழுதலைம்மா, நிஜமாவே அழுதேன். முப்பது வருஷமா படம் பார்க்கிறேன், இப்படி அழுததே இல்லை. கண்ணைத் துடைச்சுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், உன் சீட் காலி."

அவள் நிமிர்ந்தாள். "என் சீட்டா சார்?"

"சாட்சாத் உன் சீட்டேதான். மனசு விட்டுப்போச்சு எனக்கு."

சொல்லும்போதே அவர் கண் லேசாகக் கலங்கியது. அதைப் பார்த்து அவளுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

"சினிமா மேல ஒரு மரியாதை வேணும். ரெண்டரை மணி நேரம் ஒரு இடத்துல உட்காரத் தெரியாதவளுக்கு இங்க வேலை இல்லை. மருந்துக் கடையிலேயே இரு. போயிட்டு வா."

காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். 'வேலை உறுதியானதும் முதல் ஃபோன் எனக்குத்தான்' என்று காலையில் அம்மா சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்தது. கதவு வரை போனவள் நின்றாள். போக வேண்டியது போயாகிவிட்டது, இனி யாருக்குப் பயப்பட வேண்டும்?

"சார், ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். அன்னிக்கு இடைவேளையிலயே மெஷின் கெட்டுப்போச்சு. ஒன்றரை மணி நேரம் சரிபண்ணிப் பார்த்தாங்க, முடியலை. ரெண்டாம் பாதியைப் போடவே இல்லை சார்."

"என்னது?"

"படத்தோட டைரக்டரே திரைக்கு முன்னால வந்து நின்னார். காட்சி நின்னுபோச்சுன்னு எழுதிடாதீங்க, படத்துக்குக் கெட்ட பேர் வந்துடும்னு கெஞ்சினார். பாவமா இருந்துச்சு. அதான் நான் அதை எழுதலை."

ஆசிரியரின் கை, மேஜை மேலிருந்த தன் பக்கத்தை மெல்லத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டது.

அவள் கதவைத் திறந்தாள்.

"'எல்லாரும் என்னை மன்னிக்கணும்'னு ரெண்டு கையையும் கூப்பினார் சார். மன்னிக்கறதுக்கு அந்த அரங்குல நான் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தேன்."