மாமன் பலகை

முன்வரிசை நாற்காலியிலிருந்து குமரகுருவை எழுப்பிவிட்டார்கள்.

மரியாதையாகத்தான். "ஏனுங்க, நீங்க போயி அங்க உக்காரலாமுங்களா? இங்க வாங்க" என்று குழந்தையின் அம்மா இலக்கியாவின் மாமனார் பச்சமுத்து, இழுக்காத குறையாக அழைத்துப்போனார். கருப்பணார் சந்நிதிக்கு எதிரே, கோலத்தின்மேல் போட்டிருந்த மணைப்பலகையைக் காட்டினார்.

குமரகுருவுக்கு முழி பிதுங்கியது.

ராசிபுரத்தில் தறிச்சத்தத்தில் வளர்ந்தவருக்கு அந்தப் பலகை யாருடையது என்று தெரியாதா? காதுகுத்தில் அது தாய்மாமன் இடம். குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிற உரிமை அவனுக்கு மட்டும்தான்.

யார் எங்கே உட்காருவது என்பதுதானே அவர் பிழைப்பாகவே இருந்தது! நான்கு நாடுகளில் இந்தியத் தூதர். பிரதமர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுவார்த்தை நடத்தியவர். தூதன் என்கிறவன் தன் பேரில் வாயே திறக்கக் கூடாது, அனுப்பியவர் பேரில்தான் பேச வேண்டும் என்று புது அதிகாரிகளுக்கெல்லாம் வகுப்பெடுத்தவர். நாற்காலி ஒரு முழம் தள்ளிப்போனதற்காக முறுக்கிக்கொண்ட மந்திரிகளைச் சமாதானப்படுத்திச் சாப்பிட உட்காரவைத்தவர்.

அதெல்லாம் பெரிதில்லை. மாமன் உரிமையில் கைவைத்தால் இந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பேச்சே நின்றுபோகும்.

போன வாரம் இலக்கியா தாம்பூலத் தட்டோடு சேலத்து வீட்டுக்கு வந்தபோதே அவருக்குக் குழப்பம்தான். மல்லசமுத்திரத்துப் பக்கம் என்றாள். அண்ணன் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு ஆப்பிரிக்காவுக்குப் போனவன் என்றாள்.

"எங்கண்ணனுக்கு நீங்க செஞ்சத உசுரு உள்ளமட்டும் மறக்க மாட்டோமுங்க."

என்ன செய்தோம்? சுத்தமாக ஞாபகம் இல்லை. திருச்செங்கோட்டு ரிக் போகாத தேசம் எது? அவர் அங்கே தூதராக இருந்த காலத்தில் எவனையாவது சிறையிலிருந்து வெளியே எடுத்திருப்பார். பாஸ்போர்ட்டைத் தொலைத்த எவனுக்காவது டிக்கெட் போட்டுக் கொடுத்திருப்பார். தெரியாததற்கும் தெரிந்தமாதிரி தலையாட்டுவது அவருக்குக் கைவந்த கலை. ஆட்டி வைத்தார்.

இப்போது அந்த அண்ணன் எங்கே?

பந்தலுக்குள் தேடினார். வாட்டசாட்டமாக ஒருவன் மீசையை நீவிக்கொண்டு நின்றான். அவனாகத்தான் இருக்கும் என்று ஒரு சிரிப்பு சிரித்தார். அவனும் சிரித்தான். கரண்டியை எடுத்துக்கொண்டு பந்திப் பக்கம் போய்விட்டான். சமையல்காரன்!

"உக்காருங்க, நேரமாகுது" என்றார்கள் யாரோ. இரண்டு கிழவர்கள் அவரையே பார்த்து எதையோ முணுமுணுத்தார்கள்.

அப்போதுதான் அவருக்குச் சுரீரென்றது. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஏதோ மனத்தாங்கல். அவனை ஓரங்கட்டிவிட்டு, ஊருக்குப் பெரிய மனுஷன் ஒருவனை அந்த இடத்தில் உட்காரவைக்கிறார்கள். அந்தப் பையன் பந்தலுக்கு வெளியே நின்று பொருமிக்கொண்டிருப்பானோ என்னவோ! நாம் கரைசேர்த்தவனை நம்மை வைத்தே அவமானப்படுத்துவதா? குமரகுருவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"இது தப்பும்மா" என்றார் இலக்கியாவிடம், நாலு பேர் காதில் விழும்படி. "இந்த எடம் உங்கண்ணனுது. அவன் வரட்டும். எத்தன நேரமானாலுஞ் சரி, நான் நிக்கறேன்."

மேளம் நின்றது. பச்சமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

இலக்கியா மட்டும் அவரை நேராகப் பார்த்தாள். அவள் இடுப்பில் குழந்தை புதுப்பாவாடையைச் சப்பிக்கொண்டிருந்தது.

"எங்கண்ணன் இளவழகன் எங்கீங்க வருவான்? அங்க ஆஸ்பத்திரிப் பொணவறையில கேக்க நாதியில்லாமக் கெடந்தவனப் பொட்டியில வெச்சு ஊட்டுக்கு அனுப்புனது நீங்கதானுங்களே. எங்கம்மா அவம் மொகத்தப் பாத்து அழுதுச்சுங்க. அன்னிக்கே சொல்லீருச்சு, எனக்குக் கொழந்த பொறந்தா உங்க மடியிலதான்னு."

குமரகுரு பலகையில் உட்கார்ந்தார்.

எந்தப் பெட்டி? அந்த நாட்டிலிருந்து எத்தனையோ பெட்டிகள் போயிருக்கின்றன. விருந்துக்குக் கிளம்புகிற அவசரத்தில், யார் பேர் என்றுகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பியவை. இப்போது யோசித்தும் ஒரு முகம்கூட வரவில்லை. அவமானமாக இருந்தது. இவள் உயிருள்ளமட்டும் மறக்க மாட்டேன் என்கிறாள். அவருக்கோ மறப்பதற்குக்கூட ஒன்றும் இல்லை.

குழந்தை மடிக்கு வந்தது. வந்ததும் அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. ஆசாரி ஊசியோடு பக்கத்தில் குந்தினார்.

பூசாரி தட்டோடு வந்து அர்ச்சனைக்குப் பேர் கேட்டார். குழந்தை பேரைச் சொன்னார்கள். அப்பன் பேர் கோகுல்ராஜ், அம்மா பேர் இலக்கியா.

"மாமன் பேருங்க?"

"அய்யா பேரு..." என்று பச்சமுத்து எடுத்துக்கொடுக்க வந்தார். குமரகுரு கையமர்த்தினார். குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இளவழகன்" என்றார்.