நூற்றுப் பன்னிரண்டாவது மரம்
காட்டு மரங்கள் சேர்த்துவைத்திருக்கும் கார்பனைக் கணக்கெடுக்க வந்த அளவைக்காரன், அவள் குடிசையை ஒட்டி நிற்கும் மரத்தில் நெஞ்சுயரத்துக்கு நாடாவைச் சுற்றுகிறான். குறுக்கே கிடக்கும் துணிக்கொடியை அவளே அவிழ்த்துக் கொடுக்கிறாள். ஈரச் சட்டைகள் அவள் தோளில் சொட்டுகின்றன. மஞ்சள் பெயின்டில் 112 என்று எழுதுகிறான். வழியும் பெயின்ட் கொடி ஆணியைத் தொட்டு நிற்கிறது. "இனிமே இதுல ஆணி, கயிறு எதுவும் கூடாதுக்கா. மரம் கணக்குல வந்துடுச்சு." "அப்ப எங்க வீடு என்ன ஆகும், தம்பி?" அவன் காதில் விழாததுபோல் தண்ணீர் கேட்கிறான். சொம்பை நீட்டும்போது அவன் மடக்கிப் பிடித்த படிவம் கண்ணில் படுகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள்: அருகில் குடியிருப்பு – இல்லை. அவனோ அவள் வீட்டுச் சுவரில் சாய்ந்தபடி அண்ணாந்து குடித்து முடித்து, சொம்பை நீட்டுகிறான். "இன்னும் கொஞ்சம் கொண்டாங்கக்கா."