ஏகமனதாக

திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் கை. பேச அனுமதி கேட்டுத் தூக்கியபடியே இருந்தது.

யாரும் அவளை அழைக்கவில்லை.

குப்பைக் கிடங்கை அவள் தெருவரைக்கும் விரிவுபடுத்தப் பேரூராட்சி நினைத்தது. அதற்கு மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம். வர முடியாதவர்கள் செல்போனிலேயே கலந்துகொள்ளலாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் போயிருந்தார்கள்.

அவளால் போக முடியாது. கிடங்கின் புகை நெஞ்சில் ஏறிப் படுத்துவிட்ட கணவனைத் தனியே விட முடியாது.

துவைத்த சேலை கட்டி, தலை வாரி, செல்போனைச் சொம்பில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"ஆன்லைன்ல யாருக்கும் ஆட்சேபணை இல்ல. தீர்மானம் ஏகமனதா நிறைவேறுது" என்றார் தலைவர்.

"ஐயா, நான் பேசணும்."

அவள் மைக்கை அங்கிருந்தே அடைத்து வைத்திருந்தார்கள். கத்தினாள். கட்டிலில் இருந்தவன்தான் திரும்பிப் பார்த்தான்.

கூட்டம் கலைந்தது. இணைப்பை அணைக்க மறந்துவிட்டார்கள்.

பஜ்ஜி வந்தது. மைக் தலைவரின் வாயருகிலேயே இருந்தது. எச்சிலோடு அரைபடும் சத்தம் அவள் வீட்டுக்குள் சவக் சவக்கென்று விழுந்தது. விரல்களைச் சப்பினார். ஏப்பம் விட்டார்.

"அந்தக் கிடங்குத் தெரு பொம்பள இன்னமும் கையத் தூக்கிக்கிட்டே இருக்குண்ணே" என்றார் எழுத்தர்.

"இருக்கட்டும். வலிச்சா தானா எறக்கிடும்."

சிரித்தார்கள்.

சற்று முன் அந்த வாயைப் பார்த்துத்தான் கைகூப்பி வணக்கம் சொல்லியிருந்தாள். உள்ளங்கைகளைச் சேலையில் அழுத்தித் துடைத்தாள்.

"மொதல்ல அத ஆஃப் பண்ணுய்யா."

அணைக்கப் போன எழுத்தர் எதையோ மாற்றி அழுத்தினார். அவள் மைக் திறந்துகொண்டது. அவள் வீட்டுக் குக்கரின் விசில், மண்டபத்து ஒலிபெருக்கியில் அலறி, செல்போன் வழியே அவளுக்கே திரும்பக் கேட்டது.

சிரிப்பு நின்றது.

"யாரும்மா அது?" என்றார் தலைவர்.

மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்த பேச்சு முழுவதும் நாக்கில் இருந்தது. அதில் ஒரு சொல்லைக்கூட அந்தக் காதுகளுக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

செல்போனை எடுத்தாள். கட்டிலருகே போனாள். கணவனின் வாயருகே பிடித்தாள்.

அவன் மூச்சை இழுத்தான். பாதியில் அடைத்தது. சளி கரகரத்து மேலேறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

"நிறுத்துய்யா அத" என்று தலைவர் கத்தினார்.

அவள் இன்னும் கொஞ்சம் நெருக்கிப் பிடித்தாள்.

மண்டபத்தில் யாரோ தட்டைத் தள்ளி வைக்கும் சத்தம் கேட்டது.