வீடு பூட்டியிருக்கிறது

"மறுபடியும் வாய்தாவா?" வக்கீலின் மேஜைமேல் கைப்பையை டொம்மென்று வைத்தார் டீச்சர்.

"என்ன பண்றதும்மா? உங்க குடித்தனக்காரருக்குச் சம்மனே போய்ச் சேரல. 'வீடு பூட்டியிருக்கிறது'ன்னு இந்தத் தடவையும் திரும்பி வந்துடுச்சு."

"காலி பண்ணச் சொல்லி கேஸ் போட்டதுதான் மிச்சம். வீட்டை வாங்கினதிலிருந்து அந்த ஆள் மூஞ்சியைக்கூட நான் பார்த்ததில்ல. மனுஷனா, ஆவியா சார்?"

"சம்மனைக் கதவுல ஒட்டச் சொல்லி ஒரு மனு போடலாம். அதுக்கும் வாய்தா ஆகும்."

"மனுவும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். சம்மன் கொண்டுபோறவரோட நானே போறேன்!"

சம்மன் கொண்டுபோகும் கோர்ட் அமீனா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வெயில் மண்டையைப் பிளக்குது என்றார். மாடிப்படி செங்குத்து, முட்டி போயிடும் என்றார். டீச்சர் மசியவில்லை.

மாடியில் கதவு பூட்டிக் கிடந்தது. அமீனா விட்டுவிட்டுத் தட்டினார். "சார்... சார்..." என்று கூப்பிட்டும் பார்த்தார்.

"பாத்தீங்களாம்மா? நான் எப்ப வந்தாலும் இதே கதைதான். நீங்க என்னைப் போய்ச் சந்தேகப்பட்டீங்க."

டீச்சருக்கே பாவமாகப் போய்விட்டது. "உங்களைச் சொல்லி என்ன பண்றது? பாவி, நம்ம ரெண்டு பேரையும் அலைய விடறான்."

சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பெண் கதவைத் திறந்தாள். அமீனாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னண்ணே, உங்க வீட்டுக் கதவை நீங்களே தட்டிக்கிட்டு நிக்கிறீங்க? சாவியைத் தொலைச்சுட்டீங்களா?"