திரும்பியிருந்த திரை

பத்தரை மணிக்குக் குணவதியை ஸ்கேன் அறைக்குள் கூப்பிட்டார்கள். வெளியே காத்திருந்தவர்கள் எல்லோரும் கர்ப்பிணிகள். அவர்களில் ஒருத்தி, "பொண்ணுக்கா ஆன்ட்டி?" என்று கேட்டதற்குக் குணவதி ஆமென்று தலையாட்டியிருந்தாள். அவளுக்கு மாதவிடாய் நின்று ஏழு வருஷமாகிறது. இந்தப் பங்குனியில் மறுபடி ரத்தம் பட்டது. அந்த நாட்களில் பூஜையறைக்குள் போகாமல், முழங்கால் வலி என்று கணவரிடம் சொன்னாள். மூன்றாம் முறை பட்டபோதுதான் பயந்து, யாரிடமும் சொல்லாமல் இங்கே வந்தாள். டாக்டர் ஷகீலா கருவியை மெல்ல உள்ளே செலுத்தினார். "மூச்ச விடுங்கம்மா. கர்ப்பப்பை உள்சவ்வோட தடிமன் நாலு மில்லிமீட்டருக்குள்ள இருந்தா பயமில்ல." திரை அவர் பக்கமே திரும்பியிருந்தது. குழந்தை ஆணா பெண்ணா என்று யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அங்கே அப்படித்தான் வழக்கம். குணவதிக்குத் தெரிந்தது டாக்டரின் முகம் மட்டும். அவர் நர்ஸிடம் சிரித்துக்கொண்டே, "தம்பி கல்யாணத்துல பிரியாணி பத்தல, சம்பந்தி மூஞ்சியப் பாக்கணுமே" என்று சொல்லி வந்தவர், பாதியில் நிறுத்தினார்.

"எவ்வளவு மேடம், எழுதிக்கவா?" என்றாள் நர்ஸ்.

"இரு. இன்னொரு தடவ அளந்துக்கிறேன்."

கருவி உள்ளே மெல்லத் திரும்பியது.

"நாலுதானே டாக்டர்?" என்றாள் குணவதி.

"கூட யாரும்மா வந்திருக்காங்க?"