கடைசி ஆள்

அந்த அக்கா மறுபடியும் சைக்கிளை நிறுத்திவிட்டு மரத்தை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்.

பின்னால் வந்துகொண்டிருந்த 'வால்' என்கிற பையனும் பிரேக்கைப் பிடித்தான். பல்லையும் கடித்தான். ஒரு காட்டில் எத்தனை மரத்தைத்தான் ஒரு மனுஷி பார்ப்பாள்? மூச்சு வாங்குகிறது என்று வாயைத் திறந்து சொல்ல வெட்கம், அதனால் பழி மரத்தின் மேல்.

"மெதுவாவே போங்கக்கா, ஒண்ணும் அவசரமில்லே" என்றான்.

"சரி தம்பி. மெதுவாவே போவோம்" என்று அவர் சிரித்தார்.

வால் என்பது உடன் வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர். அவர்களுடைய சைக்கிள் சுற்றுலாவில் மஞ்சள் பனியன் போட்டவன் முன்னால் வழிகாட்டிக்கொண்டு போவான். வால், சாதாரணச் சட்டையில், வந்த கூட்டத்தில் ஒருவனைப் போல எல்லாருக்கும் பின்னால் வர வேண்டும்.

"மெதுவா வர்றவங்களுக்கு நாமதான் கடைசின்னு தோணவே கூடாதுடா" என்பது முதலாளியம்மாவின் சட்டம். "அவங்களுக்குப் பின்னாடியும் ஒரு ஆள் இருக்கணும். முந்தாதே, விரட்டாதே, முகத்தைத் தூக்கி வச்சுக்காதே."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அடுத்தவர் முதுகைத் தவிர இந்தக் காட்டில் அவன் எதையும் பார்த்ததில்லை.

இன்று காலைதான் அதற்கு ஒரு விடிவு தெரிந்தது. "முன்னாடி போறவன் வேலையை விட்டு நின்னுக்கறான்" என்றார் முதலாளியம்மா. "இன்னைக்கு ஒருநாள் எல்லாரையும் மதியச் சாப்பாட்டுக்கு நேரத்துக்குக் கொண்டுவந்து சேரு, மஞ்சள் பனியன் உனக்குத்தான். இன்னைக்கும் சாப்பாடு ஆறிப்போச்சுன்னு வையி, கொட்டகையிலே உக்காந்து பஞ்சர் ஒட்டு."

கடைசி ஆள் வந்து சேராமல் பந்தியில் யாருக்கும் பரிமாறக் கூடாது. அதுவும் அவருடைய சட்டம்தான்.

அந்தக் கடைசி ஆளோ, இப்போது ஒரு கொடியைக் காட்டினார். "ஊதாப்பூ பாருங்க தம்பி. நின்னு நல்லாப் பாருங்க."

பார்த்தான். பூவைப் பிய்த்து எறிய வேண்டும் போலிருந்தது.

ஒரு செங்குத்து மேட்டில் வாலின் செயின் கழன்றது. எரிச்சலோடு குனிந்து மாட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தால், உச்சிவரை போய்விட்ட அக்கா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அவனிடமே இறங்கி வந்து நிற்கிறார்! நிற்பதற்கு எது கிடைத்தாலும் போதும் போலிருக்கிறது.

"ஏங்கக்கா, ஏறினது ஏறியாச்சு. அப்படியே போயிருக்கலாமே?"

"பரவாயில்லே. தண்ணி குடிக்கிறீங்களா?"

"நீங்க குடிங்கக்கா."

"எனக்கு எதுக்கு? நீங்க குடிங்க."

"இல்லே, நீங்க…"

பாட்டில் இருவருக்கும் நடுவே கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றுவிட்டு, பைக்குள் திரும்பிப் போனது. இருவரும் மறுபடி மேடு ஏறினார்கள்.

கீழே மரங்களுக்கு அப்பால் அருவித் தண்ணீர் தேங்கும் மடு இருந்தது. முன்னால் போனவர்கள் தொப், தொப்பென்று ஒவ்வொருவராகக் குதிக்கிற சத்தம் கேட்டது. மடுவை ஒட்டி, பந்தி போடுகிற வீட்டில் மீன் சுடுகிற வாசனை மேலே வரை வந்து அவன் மூக்கைத் துளைத்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான். இந்த அக்கா மட்டும் ஒழுங்காக மிதித்தால்!

சட்டைப் பையில் செல்போன் அலறியது.

"எங்கேடா தொலைஞ்சே?" என்றார் முதலாளியம்மா.

"வந்துட்டே இருக்கேம்மா. இதோ, இறக்கத்துக்கு வந்துட்டேம்மா."

அக்கா கரிசனத்தோடு திரும்பினார். "அம்மாவா? நான் கூட இருக்கேன், கவலைப்பட வேணாம்னு சொல்லுங்க."

நீங்கள் கூட இருப்பதுதான் கவலையே என்று நாக்கு நுனிவரை வந்ததை வால் விழுங்கிக்கொண்டான்.

இறக்கத்தில் தாராளமாகப் பறக்கலாம். ஆனால் அக்கா ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கைப் பிடித்துத் திரும்பிப் பார்த்தார். முந்தவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், மாட்டு வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஆம்புலன்ஸ் போல அவன் ஊர்ந்தான். "மெதுவாவே போங்கக்கா" என்று வாய் மட்டும் சொல்லிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தடவை சொன்னபோதும் அவர் இன்னும் மெதுவாகப் போனார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, குளித்தவர்களுக்குத் தலையே காய்ந்துவிட்டிருந்தது. காலித் தட்டுகளுக்கு முன்னால் எல்லாரும் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் பனியன்காரன் வாலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

முதலாளியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார். "மீனு கருவாடா ஆயிடுச்சுடா! இதுதான் நீ நேரத்துக்கு வர்ற லட்சணமா?"

"நான் என்னம்மா பண்ணட்டும்…" என்றவன் பாதியில் நிறுத்தினான். கஸ்டமரை முன்னால் வைத்துக்கொண்டு கஸ்டமர் மேல் குறை சொல்ல முடியுமா? முகம் சுருங்கிப்போய் நின்றான்.

"நாளையிலேருந்து கொட்டகைக்குப் போ."

அக்கா அவசரமாக சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு இடையில் வந்தார்.

"ஒரு நிமிஷங்க. தாமதமானதுக்கு நான்தான் காரணம்."

வாலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா, உண்மையைச் சொல்ல ஒரு நல்ல மனசு! பனியன் தப்பித்தது. அவன் நிமிர்ந்து முதலாளியம்மாவைப் பார்த்தான்.

அக்கா அவன் தோளை ஆதரவாகத் தட்டிக்கொடுத்தபடி சொன்னார்:

"மேட்டுலே ஏற முடியாம இந்தத் தம்பி ரொம்பத் திணறிப்போயிட்டாரு. பாவம், தனியா விட்டுட்டு வர மனசில்லாம நான்தான் மெதுவா கூட்டிட்டு வந்தேன்!"